பதமும் எடையும்: கஞ்சாவைக் காத்த முறைகளில் ஈரத்தின் வரலாறு

முன்னுரை

தமிழில் 'பதம்' என்னும் சொல் பல தொழில்களுக்குப் பொதுவானது. சோறு பதமாக வெந்தது என்கிறோம். பாகு கம்பிப் பதத்திற்கு வந்தது என்கிறோம். தோலையும் புகையிலையையும் பதப்படுத்துகிறோம். காற்றில் கலந்துள்ள நீராவியின் அளவைச் சுட்டுவதற்கு அமைந்த 'ஈரப்பதம்' என்னும் கலைச்சொல்லும் இச்சொல்லையே துணைக்கு அழைத்துக் கொண்டது. பதம் என்பது வெறும் அளவன்று. ஒரு பொருள் தன் பயனுக்கு உரிய நிலையை எய்திவிட்டது என்பதைக் கையும் கண்ணும் மூக்கும் கூடி உணரும் அறிவு அது. எடையோ தராசில் நிறுத்துக் கணக்கேட்டில் எழுதத்தக்கது. ஒரே ஈரம் உழவனுக்குப் பதமாகவும் வரித்துறைக்கு எடையாகவும் தோன்றிய ஒரு வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் கஞ்சா. மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டமும் சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டமும் இப்பொருளைக் கடுமையாகத் தடுத்துள்ளன. அத்தடையின் நன்மை தீமைகளை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய இந்தியாவின் வரிப்பொருளாகவும் இலண்டன் மருந்தகங்களின் சரக்காகவும் விளங்கிய இது, மருத்துவ உலகின் நம்பிக்கையை ஒரு நூற்றாண்டுக்குள் இழந்தது ஏன் என்பதே நம் வினா. சட்டமும் ஒழுக்கமும் பற்றிய விடைகள் பலராலும் கூறப்பட்டுள்ளன. ஆனால் அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒரு விடை களஞ்சியத்தில் உள்ளது. செடி அறுக்கப்பட்ட பின் அது எவ்வாறு உலர்த்தப்பட்டது, எதில் அடைக்கப்பட்டது, எவ்வளவு காலம் எத்தகைய காற்றில் கிடந்தது என்பனவே அதன் மதிப்பைப் பெரிதும் முடிவு செய்தன என்பதை நாம் நிறுவ முயல்வோம்.

1. ஈரம் செய்யும் வேலை

வரலாற்றிற்குள் புகுமுன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். கஞ்சா எனப்படுவது பெண் செடியின் பூங்கதிர். அதன் மேற்பரப்பில் நுண்ணிய சுரப்பி மயிர்கள் நிறைந்துள்ளன; அவற்றின் தலைப்பகுதியில் பிசின் திரண்டிருக்கும். மருத்துவப் பயனும் மயக்கமும் இப்பிசினில்தான் உள்ளன. பசுஞ்செடியின் எடையில் முக்கால் பங்கிற்கும் மேல் நீரே. உலர்ந்த பின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீர் எஞ்சி நிற்கும். அவ்வெஞ்சிய நீரைப் பற்றியதே இக்கட்டுரை.

நீர் மிகுந்தால் பூஞ்சணம் படரும். கதிர் அடர்த்தியானது, வெளிப்புறம் தொட்டால் உலர்ந்தாற்போல் இருக்கும்போதே உட்காம்பில் ஈரம் தங்கியிருக்கும். அந்நிலையில் மூடி வைத்தால் உள்ளீரம் வெளியே பரவிச் சில நாள்களில் குவியல் முழுவதும் நமத்துப் போகும். நீர் மிகக் குறைந்தாலோ சுரப்பி மயிர்கள் நொறுங்கி உதிரும், மணந்தரும் எண்ணெய்கள் ஆவியாகும், எஞ்சுவது சருகு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய நிலையே பதம். அதனை எய்துவது ஒரு கலை. எய்தியதை மாதக்கணக்கில் காப்பது மற்றொரு கலை.

ஈரத்தோடு வேறு மூன்று பகைகளும் உண்டு. அவை காற்று, ஒளி, வெப்பம் என்பன. பூஞ்சணத்தைக் கண்ணால் காணலாம். காற்றும் ஒளியும் செய்யும் சிதைவோ கண்ணுக்குத் தெரியாது. நன்கு உலர்ந்து, எடை குன்றாமல், பூஞ்சணமும் பற்றாமல் இருக்கும் சரக்கு உள்ளூர வீரியம் இழந்திருக்கக்கூடும். இவ்வேறுபாட்டை நினைவில் கொண்டால்தான் பின்வரும் வரலாறு விளங்கும்.

2. கஞ்சா மகாலின் கைத்தொழில்

வங்காளத்தில் கஞ்சாப் பயிர்த்தொழில் ஒரு குறுகிய வட்டாரத்திற்குள் அடங்கியிருந்தது. ராஜசாகி, தினாஜ்பூர், போக்ரா ஆகிய மூன்று மாவட்டங்கள் கூடும் இடத்தில், நவகாவ் என்னும் ஊரைச் சூழ்ந்த பகுதி 'கஞ்சா மகால்' எனப்பட்டது. இன்று அது வங்காளதேசத்தின் வடமேற்கில் உள்ளது. அங்கு ஆண் செடிகளை இனங்கண்டு களைவதற்கென்றே 'பொத்தார்' எனப்படும் தனித் தொழில்வல்லோர் இருந்தனர். ஆண் செடி ஒன்று தப்பி நின்றாலும் மகரந்தம் பரவிப் பெண் செடிகள் விதை கட்டும்; பிசின் குறையும். ஆகவே ஒரு வயலின் விலை பொத்தாரின் கண்ணில் இருந்தது.

அறுவடை பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிகழ்ந்தது. பனிக்காலம் கழிந்து கோடைமழை தொடங்காத அவ்விடைக்காலம், பகலில் வெயிலும் இரவில் பனியும் உடையது. அறுத்த செடிகள் 'சாத்தர்' எனப்பட்ட களத்திற்குக் கொண்டுவரப்பட்டன. பகல் வெயிலில் வாட்டப்பட்ட கதிர்கள் இரவில் புல்தரையில் பனியில் கிடத்தப்பட்டன. உலர்த்த வேண்டிய பொருளை ஏன் மீண்டும் பனியில் நனைக்க வேண்டும் என்னும் ஐயம் எழலாம். புகையிலைத் தொழிலை அறிந்தோர்க்கு இதன் விடை எளிது. வெயிலில் மொறுமொறுத்த இலையைப் பகலில் தொட்டால் நொறுங்கும். விடியற்காலையில் பனி ஊறிய பின் தொட்டால் வளையும். நவகாவ் உழவர் பிசினை உதிராமல் காக்கும் பொருட்டு உலர்த்தலையும் ஊறலையும் மாற்றி மாற்றிச் செய்தனர் எனலாம்.

அடுத்த கட்டம் மிதித்தல். 'தட்டைக் கஞ்சா' செய்வோர் கதிர்களை வட்டமாக அடுக்கி, ஒருவர் தோளை ஒருவர் பற்றிச் சுற்றி வந்து காலால் மிதித்து அழுத்தினர். 'உருண்டைக் கஞ்சா' செய்வோர் கிடையாகக் கட்டிய மூங்கிலைக் கைகளால் பற்றிக்கொண்டு, பாயின்மீது கதிர்களைக் காலால் உருட்டினர். இவ்விரண்டிலும் பிசின் ஒன்றோடொன்று ஒட்டிக் கதிர் இறுகியது. இறுகிய கதிருக்குள் காற்று எளிதில் புகாது. உதிர்ந்த துணுக்குகள் தனியே திரட்டப்பட்டுச் 'சூர்' என்னும் பெயரில் விற்கப்பட்டன. இவ்வேலை முழுவதும் சில நாள்களுக்குள் முடிந்தாக வேண்டும். ஒரு நாள் முந்தினால் உட்பகுதி புழுங்கும். ஒரு நாள் பிந்தினால் கதிர் நொறுங்கும். கருவி எதுவும் இல்லாத அக்களத்தில் பாதத்தின் உணர்வே ஈரமானியாக இருந்தது.

3. தராசுக்கு வந்த ஈரம்

களத்தில் பதமாக இருந்த ஈரம் களஞ்சிய வாயிலில் எடையாக மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வங்காள அரசு கஞ்சாவின்மீது எடைக்கேற்ற வரி விதித்தது. தட்டைக் கஞ்சாவிற்கு ஒரு வீதம், உருண்டைக்கு அதனினும் மிகுதி, சூருக்கு எல்லாவற்றிலும் மிகுதி என வரி அமைந்தது. காம்பு மிகுதியாக உள்ள தட்டையில் பயனற்ற எடை கூடுதல். காம்பே இல்லாத சூரில் அது குறைவு. ஆகவே காம்பின் எடையை வரித்துறை கருதிப் பார்த்தது என்பது தெளிவு. நீரின் எடையோ அவ்வாறு எளிதில் பிரிக்கத்தக்கதாக இல்லை.

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். நூறு சேர் கஞ்சாவில் பதினைந்து பங்கு நீர் உள்ளதெனக் கொள்வோம். எஞ்சிய எண்பத்தைந்து சேரே உலர்பொருள். கோடையில் நீரின் பங்கு பத்து விழுக்காடாகக் குறைந்தால் மொத்த எடை ஏறத்தாழ 94.4 சேராகும். எவரும் திருடாமலே ஐந்தரைச் சேருக்கு மேல் மறைந்துவிட்டது. மழைக்காலத்தில் அதே சரக்கு காற்றிலிருந்து நீரை உறிஞ்சி மீண்டும் எடை கூடும். எடைக்கு வரி வாங்கும் அரசுக்கு இது பெருந்தலைவலி. குறைந்த எடை உலர்ச்சியால் நேர்ந்ததா, களவால் நேர்ந்ததா? கூடிய எடை மழைக்காற்றால் நேர்ந்ததா, வணிகர் நீர் தெளித்ததால் நேர்ந்ததா? இவ்வையத்தைத் தீர்க்கவே 'உலர்ச்சிக் கழிவு' என்னும் சலுகை வரிக்கணக்கில் இடம்பெற்றது. ஒரு குறிப்பிட்ட அளவு வரையிலான எடைக்குறைவைக் கேள்வியின்றி ஏற்பதே அதன் பொருள்.

இவ்வேற்பாட்டின் விளைவைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். களஞ்சியக் காப்பாளரின் கடமை சரக்கு எடை குறையாமல் பார்த்துக்கொள்வது. அதன் வீரியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அன்று. எடைக்கணக்கு சரியாக இருந்தால் ஏடு நேர். ஆனால் மழைக்காலத்து வங்காளக் காற்றில் சார்பு ஈரப்பதம் எண்பது விழுக்காட்டையும் தாண்டும். கோணிகளில் கட்டிய சரக்கு அக்காற்றோடு தடையின்றி உறவாடும். எடை கெடாத அம்மாதங்களில்தான் பதம் கெட்டது. ஏட்டிற்கு நன்மையாகத் தோன்றியது சரக்கிற்குத் தீமையாயிற்று என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

வங்காளத்தின் நிலை இவ்வாறிருக்க, பிற மாகாணங்களின் நிலை வேறுபட்டது. மத்திய மாகாணங்களில் காண்டுவாவில் அரசுக் களஞ்சியம் இருந்தது. பம்பாய் மாகாணத்தில் அகமதுநகர், சாத்தாரா, காந்தேசம் ஆகிய பகுதிகள் விளைநிலங்கள். சென்னை மாகாணத்தில் அந்நாளைய கிருஷ்ணா மாவட்டத்துப் பாபட்லா வட்டாரத்திலும், தமிழ் நிலமாகிய வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலைப்பகுதியிலும் பயிர் நடந்தது. ஆயினும் நவகாவைப் போன்று பயிர், பக்குவம், களஞ்சியம், விற்பனை என அனைத்தையும் ஓரிடத்தில் கண்காணித்த ஏற்பாடு சென்னையில் அக்காலத்தில் இல்லை. ஆகவே நம் வினாவிற்குரிய சான்றுகள் வங்காள ஆவணங்களிலேயே செறிந்து கிடக்கின்றன.

4. ஆணையம் கேட்டதும் எழுதியதும்

1893ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மக்களவையில் எழுந்த வினாவை ஒட்டி இந்தியச் சணல் மருந்துகள் ஆணையம் அமைக்கப்பட்டது. மேக்வொர்த் யங் அதன் தலைவர். இந்திய உறுப்பினர் மூவருள் ஒருவர் தாகிர்பூர் ஜமீன்தார் ராஜா சசி சேகரேசுவர ராய். தாகிர்பூர் அதே ராஜசாகி மாவட்டத்தைச் சேர்ந்தது. வேதியியல் பேராசிரியர் வார்டன் மற்றோர் உறுப்பினர். ஆணையம் 1,193 சான்றாளர்களிடம் செய்தி திரட்டி, 1894இல் தன் அறிக்கையை அளித்தது. அது ஏழு தொகுதிகளாக விரிந்தது. இதே காலத்தில், கல்கத்தா அரசுத் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய டேவிட் பிரெய்ன் கஞ்சாப் பயிர்த்தொழிலையும் பயன்பாட்டையும் பற்றி 1893இல் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டிருந்தார். இவர் பின்னாளில் இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநரானவர்.

ஆணையம் சான்றாளர்களுக்கு எழுபது வினாக்களை அனுப்பியது. பயிர், பக்குவம், விற்பனை, உடல்நலம், மனநோய், குற்றம், சமயம் எனப் பலவற்றைத் தழுவிய அவ்வினாக்களுள் ஒன்று நம் பொருளை நேரடியாகத் தொட்டது. கஞ்சாவும் சரசும் பாங்கும் வைத்திருந்தால் கெடுமா, எவ்வளவு காலம் நன்னிலையில் இருக்கும், கெடுவதற்குக் காரணம் யாது, கெடாமல் தடுக்க வழி உண்டா என்பதே அவ்வினாவின் சாரம். விடையளித்தோருள் ஆட்சியாளர், மருத்துவர், வணிகர், நிலவுடைமையாளர் எனப் பல திறத்தார் இருந்தனர். ஓரிரு ஆண்டுகளில் கஞ்சாவின் வீரியம் பெரிதும் குன்றிவிடும் என்பதும் ஈரமும் காற்றும் அதற்குக் காரணம் என்பதும் நெடுங்காலமாக அத்தொழிலில் அறியப்பட்டிருந்த செய்திகள். பழைய சரக்கைப் புகைப்போர் விரும்பவில்லை. விற்காமல் தேங்கிய சரக்கு அதிகாரிகள் முன்னிலையில் எரிக்கப்பட்டது.

எனவே அறிவு இல்லாமற் போகவில்லை. கேட்கப்பட்டது; சொல்லப்பட்டது; அச்சிடவும் பட்டது. ஆனால் ஆணையத்தின் முடிவுரைகள் வேறு திசையில் சென்றன. அளவான பயன்பாட்டால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை, முழுத்தடை வேண்டாம், வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்துக என்பன அதன் பரிந்துரைகள். ஆணையம் அமைந்த நோக்கத்திற்கு இவை பொருந்துவனவே. ஒழுக்கமும் வருவாயும் பற்றிய பெருவினாக்களுக்கு இடையில், சரக்கு எவ்வாறு கெடுகின்றது என்னும் சிறுவினா தொகுதிகளுக்குள் அடங்கிவிட்டது. அச்சிறுவினாவே இலண்டன் மருத்துவர்களை அக்காலத்தில் வாட்டிக்கொண்டிருந்தது.

5. இலண்டன் சென்ற சரக்கு

கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வில்லியம் ஓஷாக்னசி 1839இல் கஞ்சாவின் மருத்துவப் பயன் குறித்துத் தம் ஆய்வை வெளியிட்டார். இசிவு நோய், வலிப்பு, மூட்டுவலி முதலியவற்றில் தாம் கண்ட பயனை அதில் எடுத்துரைத்தார். 1840களின் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்து திரும்பியபோது தம்முடன் சரக்கையும் கொண்டு சென்றார். இலண்டன் மருந்தாளர் பீட்டர் ஸ்குவயர் அதிலிருந்து சாரம் வடித்தார். சில ஆண்டுகளுக்குள் கஞ்சாச் சாரம் ஐரோப்பிய, அமெரிக்க மருந்தகங்களில் இடம்பெற்றது.

கல்கத்தாவில் ஓஷாக்னசி கையாண்டது அவ்வாண்டு விளைந்த புதுச் சரக்கு. இலண்டனுக்குச் சென்றதோ வேறு. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்படும் வரை கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணமே பல மாதங்கள். அதற்குமுன் விளைநிலத்துக் கிடங்கிலும் துறைமுகக் கிடங்கிலும், அதற்குப்பின் இலண்டன் கிடங்கிலும் மருந்தக அலமாரியிலும் சரக்கு கிடந்தது. வெப்பமண்டலக் கடற்காற்றின் ஈரமும் கப்பலடித்தளத்தின் வெம்மையும் இடையில் சேர்ந்தன. ஒரு மருந்தாளரிடம் இருந்தது ஆறு மாதச் சரக்கு. மற்றொருவரிடம் இருந்தது மூன்றாண்டுச் சரக்கு. இரண்டின் பெயர்ச்சீட்டும் ஒன்றே.

விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. ஒரு புட்டியின் மருந்து பயனின்றிப் போனது. மருத்துவர் அளவைக் கூட்டினார். அடுத்த புட்டி புதுச் சரக்காக அமைந்தபோது நோயாளி மயங்கினார். விக்டோரியா அரசியாரின் மருத்துவர்களுள் ஒருவரான ரசல் ரெனால்ட்ஸ், முப்பதாண்டுப் பட்டறிவைத் தொகுத்து 1890இல் 'லான்செட்' இதழில் எழுதியபோது, இம்மருந்தின் வீரியம் நிலையற்றது என்பதை முதன்மையாக வலியுறுத்தினார். சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுமாறு அறிவுறுத்தினார். பின்னர் வந்த செயற்கை மருந்துகளும் ஊசிவழி மருந்துகளும் அளவில் உறுதி உடையனவாக இருந்தன. பன்னாட்டுக் கட்டுப்பாடுகளும் இறுகின. பிரித்தானிய மருந்து நூலின் 1932ஆம் ஆண்டுப் பதிப்பில் கஞ்சா இடம்பெறவில்லை; அமெரிக்க மருந்து நூலிலிருந்து 1942இல் நீக்கப்பட்டது.

இந்நீக்கத்திற்குக் காரணங்கள் பல என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மருத்துவர்கள் தாமே கூறிய முதற்குறை, மருந்தை நம்ப முடியவில்லை என்பதே. செடியின் வகைவேறுபாடும் அதற்குக் காரணம். அதற்கு இணையாக, ஒரு காலத்தில் நல்ல சரக்காக இருந்தது வழியிலேயே கெட்டது என்பதும் காரணம்.

6. முதுமையின் சுவடு

கெட்டது எது, எவ்வாறு என்பதை வேதியியலாளர் கண்டறிந்த கதை தனிச் சுவையுடையது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு ஆகிய மூவர் 1896இல் இந்தியச் சரசைக் காய்ச்சி வடித்துச் சிவந்த எண்ணெய் ஒன்றைப் பெற்று, அதற்குக் 'கன்னாபினால்' எனப் பெயரிட்டனர். அதுவே வீரியப் பொருள் என்று முதலில் கருதப்பட்டது. அது தனிப்பொருளன்று, கலவை என்பது பின்னர் தெரிந்தது. அக்கலவையிலிருந்து பிரிக்கப்பட்ட தூய பொருளுக்கே இன்று கன்னாபினால் என்னும் பெயர் நிலைத்துள்ளது. அதன் வேதியமைப்பை 1940இல் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்சும் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் டாட்டும் தனித்தனியே உறுதி செய்தனர். முதன்மை வீரியப் பொருளாகிய டெட்ராஹைட்ரோகன்னாபினாலை 1964இல் இசுரேலின் வைசுமன் நிறுவனத்தில் கவோனியும் மெக்கூலமும் பிரித்தெடுத்தனர்.

இவ்விரு பொருள்களின் உறவில்தான் நம் வரலாற்றின் திறவுகோல் உள்ளது. பசுஞ்செடியில் கன்னாபினால் ஏறத்தாழ இல்லை. டெட்ராஹைட்ரோகன்னாபினால் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடிச் சிதையும்போது பிறப்பதே கன்னாபினால். அதாவது, இச்செடியின் சேர்மங்களுள் அறிஞர் முதலில் தூய்மையாகப் பிரித்துப் பெயரிட்டது அதன் முதுமையின் சுவட்டை. நெடுவழி கடந்து வந்த பழைய சரசு அவர்களுக்குக் காட்டியது அதுவே.

பிந்தைய ஆய்வுகள் இச்சிதைவிற்கு அளவு கண்டன. இலண்டனில் ஃபேர்பெர்னும் உடனாய்வாளரும் 1976இல் வெளியிட்ட ஆய்வின்படி, வீரியக் குறைவிற்குத் தனிப்பெருங்காரணம் ஒளி. கவனமாகப் பக்குவம் செய்து இருளில் அறைவெப்பத்தில் வைத்த சரக்கு ஓரிரண்டு ஆண்டுகள் ஓரளவு நிலைத்தது. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ராசும் எல்சோலியும் 1990களின் இறுதியில் வெளியிட்ட ஆய்வில், அறைவெப்பத்தில் வைத்த கஞ்சாவின் டெட்ராஹைட்ரோகன்னாபினால் ஓராண்டில் சராசரி 16.6 விழுக்காடும், இரண்டாண்டில் 26.8 விழுக்காடும், மூன்றாண்டில் 34.5 விழுக்காடும், நான்காண்டில் 41.4 விழுக்காடும் குறைந்தது. ஆய்வகத்துக் கலன்களிலேயே இவ்வளவு என்றால், திறந்த கோணியில் வங்காள மழைக்காலம் கடந்த சரக்கின் நிலையை நாம் உய்த்துணரலாம். ஆணையத்தின் முன் சொல்லப்பட்டவை வெற்றுச் செவிவழிச் செய்திகள் அல்ல என்பதும் இதனால் பெறப்படுகின்றது.

7. சாடியின் வருகை

ஈரத்தைப் பற்றிய கொள்கையும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மாறியது. ஒரு பொருளில் எத்தனை விழுக்காடு நீர் உள்ளது என்பதைக் காட்டிலும், அந்நீரில் எவ்வளவு கட்டற்றதாக உள்ளது என்பதே நுண்ணுயிர் வளர்ச்சியை முடிவு செய்கின்றது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஸ்காட் 1950களில் நிறுவினார். இதனை 'நீர்ச் செயற்பாடு' எனலாம். தூய நீருக்கு அது 1. முற்றும் உலர்ந்த பொருளுக்கு 0. மூடிய கலனுக்குள் ஒரு பொருளை வைத்தால் அதன் நீர்ச் செயற்பாடும் உட்காற்றின் சார்பு ஈரப்பதமும் நாளடைவில் சமன்படும். ஆகவே சாடிக்குள் உள்ள காற்றை அளந்தால் பொருளின் பதம் தெரியும். எடையைப் பாராமலே பதத்தை எண்ணால் சொல்லும் வழி இவ்வாறு பிறந்தது.

மருத்துவக் கஞ்சாவைச் சட்டம் ஏற்ற நாடுகளில் இக்கொள்கையே இன்று தரத்தின் அடிப்படை. ஏ.எஸ்.டி.எம். பன்னாட்டு அமைப்பு 2018இல் வெளியிட்ட டி 8197 என்னும் தரக்கூற்று, உலர்ந்த கஞ்சாப் பூவிற்குரிய நீர்ச் செயற்பாட்டை 0.55 முதல் 0.65 வரை என வரையறுத்தது. மேல் எல்லைக்கு அப்பால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். கீழ் எல்லைக்கு அப்பால் சுரப்பி மயிர் நொறுங்கும். களத்தில் பாதத்தால் உணரப்பட்ட அக்குறுகிய இடைவெளி இப்போது இரண்டு எண்களுக்கு இடையில் அமைந்துவிட்டது.

கண்ணாடிச் சாடி இப்பதத்தைக் காக்கும் கலனாயிற்று. உலர்ந்த கதிரைச் சாடியில் அடைத்ததும் உட்காம்பின் ஈரம் மெல்ல வெளிப்படும். தொடக்க வாரங்களில் மூடியை அவ்வப்போது திறந்து மூடும் வழக்கம் இவ்வெஞ்சிய ஈரத்தை வெளியேற்றுவதற்காகவே. பகல் வெயிலும் இரவுப் பனியும் நவகாவில் செய்ததைச் சாடியின் மூடி இங்குச் செய்கின்றது. ஈரத்தை நிலைநிறுத்தச் செறிவுற்ற உப்புக் கரைசல்களின் இயல்பும் துணையாயிற்று. ஒவ்வோர் உப்பின் செறிவுற்ற கரைசலும் தன்னைச் சூழ்ந்த மூடிய காற்றில் ஒரு நிலையான ஈரப்பதத்தை உண்டாக்கும். 25 பாகையில் சமையலுப்பு ஏறத்தாழ 75 விழுக்காட்டையும் மக்னீசிய நைட்ரேட்டு 53 விழுக்காட்டையும் தரும். காற்றில் ஈரம் மிகுந்தால் கரைசல் உறிஞ்சும், குறைந்தால் வெளிவிடும். இவ்வியல்பைப் பயன்படுத்திச் சுருட்டு, இசைக்கருவி முதலியவற்றைக் காக்க அமைந்த ஈரச்சமன் பொதிகள் பின்னர் கஞ்சாச் சாடிகளுக்குள்ளும் இடம்பெற்றன.

எனினும் சாடி எல்லாப் பகைகளையும் வெல்வதில்லை. தெளிந்த கண்ணாடி ஒளியைத் தடுக்காது; பாதி நிரம்பிய சாடியில் காற்று மிகுதி; வெம்மையான அறையில் மூடியால் பயனில்லை. ஈரம் சரியாக இருப்பதாலேயே வீரியமும் சரியாக இருக்கும் என்று கொள்வது, எடை சரியாக இருப்பதாலேயே சரக்கு சரியாக இருக்கும் என்று கொண்ட களஞ்சியக் கணக்கரின் பிழையை வேறு வடிவில் செய்வதாகும்.

8. ஆவணங்களை வாசிக்கும் முறை

நம் வட்டாரத்திற்கும் இவ்வரலாற்றோடு ஒரு தொடர்பு உண்டு. நீரிணைக் குடியேற்றங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அபினிக் குத்தகை, சாராயக் குத்தகை ஆகியவற்றோடு கள்ளும் பாங்கும் குத்தகைக்கு விடப்பட்டன. பாங்கை நாடியோர் பெரும்பாலும் இந்தியரே. அக்குத்தகைக் குறிப்புகளை வாசிக்கும்போதும் நமக்குக் கிடைப்பவை தொகையும் உரிமமுமே. சரக்கு எவ்வாறு கடல் கடந்தது, எதில் அடைத்து வைக்கப்பட்டது என்பனவற்றை அவை எளிதில் சொல்வதில்லை. வருவாய்க்காக எழுதப்பட்ட ஆவணம் வருவாயின் கண்ணாலேயே உலகைக் காண்கின்றது.

ஆயினும் அதே ஆவணத்தின் இடுக்குகளில் தொழிலறிவு ஒளிந்திருக்கும். 'உலர்ச்சிக் கழிவு' என்னும் ஒரு வரிச்சொல்லைப் பற்றிக்கொண்டு சென்றால் பனியும் பாயும் மூங்கிலும் தெரிகின்றன. நெல், புளி, மிளகு, ஏலம், புகையிலை, கொப்பரை என ஈரத்தால் எடை மாறும் எப்பொருளுக்கும் இம்முறை பொருந்தும். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் தோட்டப்புறத்து இரப்பர்ப் பால் எடைக்கணக்கையோ கொப்பரைக் களத்துக் கணக்கையோ மாணவர்முன் வைத்து, 'இவ்வெடையில் எவ்வளவு நீர்? அந்நீரின் இழப்பு யாருடைய கணக்கில் விழுந்தது?' என வினவலாம். உழைத்தவனின் அறிவும் கணக்கனின் அறிவும் எங்கே பிரிந்தன என்பது அப்போது புலப்படும்.

முடிவுரை

நவகாவின் கஞ்சா உழவர் 1917இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். வங்காளதேசம் 1987இல் அப்பயிரை நிறுத்தியது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவைத் தடுத்தது. களத்தில் மிதித்தோர் மறைந்தனர். அவர்கள் எழுத்தில் எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களுடைய தொழிலைப் பற்றி நமக்கு எஞ்சியிருப்பன பிறர் எழுதிய அறிக்கைகளே.

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, கஞ்சாவின் மருத்துவப் பெயர் கெட்டதில் செடியின் குறையைப் போன்றே காப்பின் குறைக்கும் பங்குண்டு. இரண்டாவது, காப்பின் குறையை நீக்கும் அறிவு விளைநிலத்தில் இருந்தது. அது கேட்கப்பட்டும் பயன்கொள்ளப்படவில்லை. மூன்றாவது, வேதியியலும் ஈர அளவியலும் பிற்காலத்தில் நிறுவியவை அவ்வறிவை மறுக்கவில்லை. அதற்கு எண் தந்தன. எடையை மட்டும் எழுதிய ஏடுகள் பதத்தை இழந்தன. அவ்வேடுகளை மீண்டும் வாசிக்கும் நாம், எண்களுக்கு அடியில் கிடக்கும் பதத்தையும் தேடி எடுத்தல் வேண்டும்.